இரண்டு நிறம் ஆகாத வீடு

எங்கள் குடும்பத்துக்குப் பச்சை ஆகாது. நீலமும் ஆகாது. இரண்டுக்கும் காரணம் நான்தான்.

சில வீடுகளில் பாகற்காய் ஆகாது. சில வீடுகளில் செவ்வாய்க்கிழமை ஆகாது. என்றைக்கோ யாருக்கோ ஒரு கெட்டது நடந்திருக்கும். அப்போது பக்கத்தில் எது இருந்ததோ அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டு, எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இதில் ஒரு வசதி உண்டு. மனிதர் மேல் பழி போட்டால் தெருவில் இறங்கிச் சண்டை போட வேண்டும். பாகற்காய் திருப்பிப் பேசாது.

என் தங்கை மகளுக்குப் போன வருஷம் கல்யாணம் நிச்சயமானது. தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். நிச்சயம் முடிந்த மறுநாளே குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதில் ஒரு படம் போட்டாள். நான்கு கட்டம், நான்கு நிறம். ‘இதான் நம்ம கல்யாண கலர் தீம். மேடை, பூ, தாம்பூலப் பை, எல்லார் டிரெஸ்ஸும் இதுலதான் இருக்கணும்’ என்று கீழே ஒரு உத்தரவு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு கட்டம் பச்சை, இரண்டு கட்டம் நீலம். எனக்குத் தெரிந்த பச்சை கிளிப்பச்சை, ராமர் பச்சை, பாசிப்பச்சை. இது பல தடவை துவைத்துக் காயப்போட்டு வெளுத்த பச்சை. அந்த நீலத்துக்கு ‘டஸ்டி ப்ளூ’ என்று பெயராம். தூசியைத் துடைத்துவிட்டுக் கட்டக் கூடாதா என்று எழுதினேன். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன.

பொம்மைகளுக்கு நடுவே என் தங்கை எழுதினாள்: ‘பச்சை நம்ம வீட்டுக்கு ஆகாது. வேற பாரு.’ அடுத்து மயிலாப்பூர் குளத்தங்கரை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற எங்கள் அண்ணனின் குரல் வந்தது. பின்னணியில் ஹாரன் சத்தம். “ப்ளூ வோணாம் கண்ணு. நம்ம வூட்டுக்கு அது ஆவாது.”

‘ஏன் ஆகாது?’ என்று கேட்டாள் கல்யாணப் பெண்.

 அடுத்த நிமிஷம் இருவர் போட்டதும் காணாமல் போய், ‘இந்த மெசேஜ் நீக்கப்பட்டது’ என்று இரண்டு வரி மட்டும் நின்றது. காரணத்தை என் முன்னால்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்திருக்கிறது.

விஷயம் இதுதான். என் கல்யாணப் புடவை மயில் கழுத்து நிறம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடு நூல் ஒரு நிறம். இந்தப் பக்கம் திருப்பினால் நீலம், அந்தப் பக்கம் திருப்பினால் பச்சை. அதைக் கட்டிக்கொண்டு நான் மணையில் உட்கார்ந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. பம்பாயில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று கிளம்பிய மனிதர் போனவர் போனவர்தான். அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் ஏற்கெனவே இருந்தது என்று பிறகு தெரிந்தது. அந்த ஆளை யாரும் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கவில்லை. புடவையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று மேடைக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணன் கண்ணுக்கு அது நீலம். இந்தப் பக்கம் நின்ற தங்கை கண்ணுக்கு அது பச்சை. ஆளுக்கொரு நிறத்தை அவரவர் வீட்டிலிருந்து துரத்தினார்கள். இதைப் பற்றி அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதே இல்லை. பேசினால் என் காதில் விழுந்துவிடுமே. அண்ணனுக்கு நீலம் ஆகாது என்று யாரோ ஜோசியர் சொல்லியிருக்கிறார் என்று தங்கை நினைத்திருந்தாள். தங்கைக்குப் பச்சை ஆகாதது அவள் மாமியார் வீட்டு வழக்கம் என்று அண்ணன் நினைத்திருந்தார். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்கவில்லை.

நான் ஒன்றும் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. நந்தனத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. ராயப்பேட்டையில் சின்ன வீடு. சத்தம் போடுகிற பையன்களை ஒரு முறைப்பில் அடக்குவேன். ஆனால் கல்யாண வீடு என்று வந்தால் மட்டும் என் கால்கள் தாமாக வாசல் பக்கம் போய்விடும். தாம்பூலப் பை கொடுக்கிற மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். மேடைப் பக்கம் வராதே என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. யாரும் சொல்லும்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எனக்கு நானே அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். அதில் கெட்டிக்காரி என்று பெயர்கூட எடுத்துவிட்டேன். சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் “பை விஷயம் அக்கா பாத்துப்பாங்க” என்பார்கள்.

இந்தக் கல்யாணம் வேறு. பள்ளிக்கூடம் விட்டதும் என் வீட்டுக்கு வந்து என் தட்டிலிருந்து தின்று வளர்ந்த பெண். அவள் மாலையோடு நிற்கும்போது பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஆசையைவிடப் பயம் ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது. அவளுக்கு நாளைக்குத் தலைவலி வந்தால்கூட, ‘யார் பக்கத்தில் நின்றது’ என்று யாராவது யோசிப்பார்களே. ஆகவே இந்த முறையும் பை மேசைதான் என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் என் வீட்டுக்கு வந்து நின்றாள். “பெரிம்மா, அம்மாவக் கேட்டா பெரிம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும், கேக்காதன்றாங்க. மாமாவக் கேட்டா சவாரி இருக்குன்னு போனை வெக்கிறாரு. நீயே சொல்லு. என்ன மேட்டரு?”

சொன்னேன். மோருக்குக் கடுகு தாளித்துக்கொண்டே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தப் புடவை எங்க?” என்றாள்.

பீரோவில்தான் இருந்தது. பட்டை ஒரே மடிப்பில் விட்டால் மடிப்பில் கிழிந்துவிடும் என்பதால் அவ்வப்போது எடுத்து மாற்றி மடித்து வைப்பேன். கோபம் மனிதர் மேல்தான், பட்டு மேல் இல்லை. அவள் அதை வாங்கி ஜன்னல் கம்பியில் போட்டு இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நீலம் ஓடிப் பச்சை வந்தது. பச்சை ஓடி நீலம் வந்தது.

“பெரிம்மா, என் தீம்ல இருக்கிற நாலு கலரும் இந்த ஒரே புடவையில இருக்கு. இதையே வெச்சிக்கலாம். மயில் கழுத்து.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என் கதைய எடுத்து மேடைக்கு ஜோடனை கட்டப் போறியா? எல்லாரும் பாத்து உச் கொட்டணுமா?” என்று கத்தினேன். கரண்டி கையில் இருந்தது.

அவள் அசரவில்லை. “உன் கதை யாருக்கு வேணும்? கலரு சூப்பரா இருக்கு. அவ்ளோதான்.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு கட்டிப்பிடித்திருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். “என்னமோ பண்ணு. என் பேரை இழுக்காத” என்று மோரை ஊற்றிக் கொடுத்தேன்.

முகூர்த்தப் புடவை எடுக்க தி.நகர் போனோம். கல்யாணப் பெண், அவள் அம்மா, நான், அண்ணன். தாய்மாமன் புடவை எடுத்துத் தர வேண்டும் என்பதால் அண்ணன் அன்றைக்குச் சவாரியை விட்டுவிட்டு, சலவைச் சட்டையில் வந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற அம்மாள். கடையில் நுழைந்ததும் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விற்பனையாளர் விரித்துப் போட்ட ஒவ்வொரு புடவையையும் செவுளைத் தூக்கி மீன் பார்ப்பதுபோல முந்தானையைத் தூக்கிப் பார்த்தார். “இது நேத்து சரக்கு. வேற போடு” என்றார். விற்பனையாளர் பயந்துபோய் அடுத்த அடுக்குக்குத் தாவினார்.

“மயில் கழுத்து எடுத்துப் போடுங்கண்ணா” என்றாள் எங்கள் பெண்.

போட்டார். நான் விசிறிக்குக் கீழே நிற்கப் போவதுபோல இரண்டடி தள்ளிப் போனேன்.

“ஐய, ப்ளூ வோணாம்னு அன்னிக்கே சொன்னேன்ல” என்றார் அண்ணன்.

“ப்ளூவா? கண்ணு நல்லாத் தெரியுதா உனக்கு? இது பச்சைண்ணா. பச்சைதான் நமக்கு ஆகாது” என்றாள் தங்கை.

“தோ பாரு, இன்னா பேசற நீ? இது பச்சையா? கடல் கலர்ல கீது!”

“கடலு ப்ளூன்னு யாரு சொன்னது?” என்று நடுவில் புகுந்தார் மீன்கார அம்மாள். “காலையில ஒரு கலரு, சாயந்தரம் ஒரு கலரு.”

கடை வெளிச்சத்தை நம்பக் கூடாது, வெயிலில் பார்த்தால்தான் உண்மையான நிறம் தெரியும் என்பது தி.நகரில் புடவை எடுக்கிற எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அண்ணன் ஒரு முனையையும் தங்கை ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். பின்னால் விற்பனையாளர் ஓடினார். பில் போடாத புடவை போகிறதே என்று காவலாளி கையை நீட்டி மறித்தார். ஜனங்கள் நெருக்கியடிக்கிற வாசற்படியில், உச்சி வெயிலில், ஐந்து பேர் ஒரு புடவையைச் சுற்றி நின்றோம். வெயிலில் பார்த்தால் அது இன்னும் அதிகமாக நீலமாகவும் இன்னும் அதிகமாகப் பச்சையாகவும் இருந்தது.

“சரி, உனக்கு ஏன் ப்ளூ ஆகாது?” என்று தங்கை கேட்டாள்.

“உனக்கு ஏன் பச்ச ஆவாது?” என்று அண்ணன் கேட்டார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள். அந்தப் பார்க்காமல் இருப்பது எனக்கு நன்றாகப் பழக்கம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் பிடிபட்டுவிட்டது.

“அடப்பாவி” என்றாள் தங்கை. “அந்தப் புடவை பச்சைன்னுல்ல நான் நினைச்சிக்கினு இருந்தேன்? பச்சை யூனிஃபாரம்னு தெரிஞ்சி இவளை நல்ல ஸ்கூல்ல சேர்க்காமத் திரும்பி வந்தேனே!”

“அதுக்குத்தான் சேர்க்கலியா?” என்று அலறினாள் கல்யாணப் பெண்.

“நீ வேற. ஒரு ஸ்கூட்டரு, புத்தம்புது வண்டி, அடிமாட்டு வெலைக்கு வந்திச்சி, ப்ளூன்னு வுட்டுட்டேன்” என்றார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. காவலாளிகூடச் சிரித்தார். சிரிக்காமல் நின்றவர் சம்பந்தி அம்மாள் மட்டும்தான். “இன்னா விசயம்னு எனக்கும் சொன்னா நானும் சிரிப்பேன்ல?” என்றார்.

தங்கையின் முகம் வெளுத்தது. சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் வாசல் மேசையில் உட்கார்ந்தது போதும் என்று அந்த வெயிலில்தான் எனக்குத் தோன்றியது.

“நான் சொல்றேங்க” என்றேன். “இதே கலர்ல புடவை கட்டித்தான் எனக்குக் கல்யாணம் ஆச்சு. வருஷம் திரும்பறதுக்குள்ள வீட்டுக்காரர் போய்ட்டார். செத்துப் போகல, ஓடிப்போய்ட்டார். அதுலேர்ந்து இவங்களுக்கு இந்தக் கலர் ஆகாது.”

அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்தப் பொடவ இன்னா ஆச்சி?”

“இருக்கு. பீரோவுல.”

“சாயம் போச்சா?”

“இல்ல.”

“சரிகை கறுத்துச்சா?”

“அதுவும் இல்ல.”

“அப்பால பொடவ மேல இன்னா தப்பு? ஓடுனவன் ஓடிட்டான், அது பாட்டுக்கு ஒழுங்கா வூட்டுல கீது” என்றார். விற்பனையாளரிடம் திரும்பி, “இதையே எடு. வெயில்ல நின்னு தல வலிக்குது” என்றார்.

எல்லோரும் உள்ளே போனார்கள். அண்ணன் மட்டும் வாசற்படியிலேயே நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஐம்பதைத் தாண்டிய என்னை அவர் இன்னும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்.

“பாப்பா, அந்தப் பொடவய எடுத்தது நான்” என்றார். “இதே தெருவுல. ஆரையும் கேக்கல. கட வெளக்குல ப்ளூவாத்தான் தெரிஞ்சிது. மாப்ளய பார்த்ததும் நான்தான். நல்லவன், பம்பாய்ல பெரிய வேல வரப்போவுதுன்னு நம்பிட்டேன். ப்ளூவப் பாத்தா எனக்கு நான் பண்ணது நெனப்புக்கு வந்துடும். அதான் வோணாம்பேன். உன்ன ஒண்ணியும் நெனச்சி சொல்லல.”

இத்தனை காலமும் அந்த நிறத்தை அவர் விலக்கும்போதெல்லாம் என்னை விலக்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன்னை விலக்கிக்கொண்டிருந்திருக்கிறார். திட்டலாம் என்று பார்த்தேன், வரவில்லை. “லூசு மாதிரி பேசாத, உள்ள வா” என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார். சலவைச் சட்டை போடுகிற அன்றைக்கு எப்போதும் கைக்குட்டையை மறந்துவிடுவார். என் முந்தானையைக் கொடுத்தேன்.

உள்ளே மயில் கழுத்துகள் மலைபோலக் குவிந்திருந்தன. பெண்ணுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று என்று ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்றை நீட்டினாள் தங்கை. அண்ணன் குறுக்கே கையை வைத்தார்.

“இரு இரு. பாப்பா, உனக்கு இன்னா கலர் புடிக்கும்?”

யோசித்துப் பார்த்தால், இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அந்த மயில் கழுத்துப் புடவை எனக்கு உயிர் என்று எல்லோருமே முடிவு கட்டியிருந்தார்கள். அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன், அவ்வளவுதான். அது எனக்குப் பிடித்த நிறமே இல்லை.

“கனகாம்பரக் கலர்” என்றேன்.

சொன்னதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. “வேணாம், வேணாம், தீம் கெட்டுடும்” என்று இழுத்தேன்.

“அதெல்லாம் கெடாது” என்றாள் கல்யாணப் பெண், பெரிய நிபுணர் மாதிரி. “எந்தத் தீம்லயும் ஒரே ஒரு கலர் தனியாத் தெரியணும். அதுக்கு ஆக்சென்ட்னு பேரு. இருபது பேர் மயில் கழுத்து, ஒரு ஆள் கனகாம்பரம்.”

இவள் இப்போதுதான் இதை இட்டுக்கட்டுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். விற்பனையாளர் மேல் அடுக்கிலிருந்து ஒரு கனகாம்பரத்தை இழுத்துப் போட்டார். அண்ணன் அதை யாரையும் தொட விடாமல் தானே பில் போடும் இடத்துக்குக் கொண்டுபோனார்.

மந்தைவெளியில் ஒரு மண்டபம். முதல் நாள் மாலை வரவேற்பு. மேடைத் திரை, நாற்காலி முதுகில் கட்டிய துணி, பெண்களின் புடவை, ஆண்களின் சட்டை எல்லாம் மயில் கழுத்து. விளக்கு அசைந்தால் மண்டபமே ஒரு முறை நீலமாகி ஒரு முறை பச்சையானது. நான் கனகாம்பரப் புடவையில் போய் இறங்கினேன். தலையிலும் கனகாம்பரம். சம்பந்தி அம்மாள் தூரத்திலிருந்தே பார்த்து, “தோ, இது இன்னிக்குப் புடிச்ச சரக்கு” என்று சத்தமாகப் பாராட்டினார்.

வீராப்பெல்லாம் கடையோடு சரி. மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் கால்கள் பழைய வழியில்தான் போயின. வாசல் பக்கம், தாம்பூலப் பை மேசை. அங்கே போனால், என் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தேங்காயையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

“ண்ணா, இது என் இடம்.”

“ஆர் சொன்னது? பேரு எழுதிக்கீதா?”

“நீ தாய்மாமன். மேடையில நீதான் நிக்கணும்.”

“நாளைக்கு முகூர்த்தத்துல நிக்கிறேன். இன்னிக்கு நீ நில்லு” என்றார். அடுத்த தேங்காயை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். இனி நான் சொல்வது எதுவும் அவர் காதில் விழாது.

அதற்குள் மேடையிலிருந்து குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒளிந்துகொள்ள எனக்கு வேறு இடம் இல்லை. போனேன். போய் வரிசையின் கடைசியில், திரையோடு திரையாக ஒண்டி நின்றேன்.

போட்டோ எடுக்கிற இளைஞர் கேமராவில் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மறுபடி கேமராவுக்குள் பார்த்தார்.

“எல்லாரும் ஒரே கலரு, திரையும் அதே கலரு. யாரு எங்க இருக்காங்கன்னே தெரியல” என்றார். “அந்த ஆரஞ்சு சாரி அம்மா, நடுவுல வாங்க.”

நான் இரண்டடி மட்டும் நகர்ந்தேன்.

“அங்க இல்லம்மா. நடுவுல. பொண்ணு பக்கத்துல.”

கல்யாணப் பெண் மாலையோடு கையை நீட்டி என்னை இழுத்தாள். “சொன்னேன்ல, ஆக்சென்ட்” என்று காதில் சொன்னாள். தங்கை தன் இடத்தை எனக்கு விட்டுவிட்டு அந்தப் பக்கம் தள்ளி நின்றாள். நின்றவள் என் முந்தானையைச் சரிசெய்தாள். இந்த முறை என்னைப் பார்த்தே சரிசெய்தாள்.

எதிரே நாற்காலிகளில் அத்தனை சொந்தமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. பழைய பயம் திரும்பி வந்தது. ஒரு படம் போதும், இறங்கிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தேன். அப்போது மண்டபத்தின் கடைசியிலிருந்து, மேளத்தையும் மீறி, குளத்தங்கரை ஸ்டாண்டில் சவாரி கூப்பிடுகிற அதே குரல் வந்தது.

“பாப்பா! நவராத! அங்கியே நில்லு!”

மொத்த மண்டபமும் திரும்பி அவரைப் பார்த்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தது. எடுத்த காலை இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் நகரவில்லை.